டி.எம்.எல்.டி.யா, பி.எஸ்சி. எம்.எல்.டி.யா? லேப் படிப்பு இரண்டையும் எடைபோட்டால்

அரசு மருத்துவக் கல்லூரியில் மருத்துவ லேப் தொழில்நுட்ப டிப்ளமோவான டி.எம்.எல்.டி. சீட் கிடைக்கும் என்றால், சொந்தமாக ஆஸ்பத்திரி இல்லாத தனியார் கல்லூரியின், அதே துறைப் பட்டமான பி.எஸ்சி. எம்.எல்.டி. சீட்டுக்காகக் கடன் வாங்க வேண்டாம். அரசுக் கல்லூரியிலேயே பி.எஸ்சி. கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்ளலாம். தீர்ப்பை முதலிலேயே சொல்லியாயிற்று. இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்பவர்கள்தான் அதிகம் என்பதால் மீதியையும் எழுத வேண்டியிருக்கிறது.

சந்தையில் இருக்கும் சரக்கு மூன்று வகை. முதலாவது, இரண்டு வருட டிப்ளமோ. அரசு மருத்துவக் கல்லூரிகளில் மருத்துவக் கல்வி இயக்ககத்தின் கீழ் நடப்பது, வேலூர் சி.எம்.சி. போன்ற பெரிய மருத்துவமனைகளிலும் உண்டு. இரண்டாவது, பி.எஸ்சி.; மூன்று வருட வகுப்பு, ஒரு வருட இன்டர்ன்ஷிப், ஆக நான்கு வருடம். தமிழ்நாட்டில் இது பெரும்பாலும் கிண்டியில் இருக்கும் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணைப்பில் நடக்கிறது. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தங்கள் பெயரிலேயே பட்டம் தருகின்றன. மூன்றாவது, பஸ் ஸ்டாண்ட் எதிரே மாடியில் போர்டு மாட்டியிருக்கும் ‘பாராமெடிக்கல் இன்ஸ்டிடியூட்’. ஆறு மாதம், ஒரு வருடம், ‘நூறு சதவீத வேலை உத்தரவாதம்’. இந்த மூன்றாவதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறோம். இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள்.

பாடத்திட்டத்தை வைத்து டிப்ளமோவையும் பட்டத்தையும் ஒப்பிடுவதில் பெரிய பயன் இல்லை. தலைப்புகள் ஒன்றேதான். உயிர்வேதியியல், நுண்ணுயிரியல், ரத்தவியல், கிளினிக்கல் பேத்தாலஜி, ரத்த வங்கி, திசுவைப் பதப்படுத்திச் சீவிச் சாயமேற்றும் ஹிஸ்டோ வேலை. டிப்ளமோவில் ‘எப்படிச் செய்வது’ அதிகம். பட்டப் படிப்பில் ‘ஏன் அப்படி’ என்பதும் சேர்ந்து வருகிறது. மெஷின் தவறான எண்ணைக் காட்டும் நாளில் அந்த ‘ஏன்’ கைகொடுக்கும், மறுக்கவில்லை. ஆனால் அந்த ‘ஏன்’ மண்டையில் ஏற, முதலில் கை பழகியிருக்க வேண்டும். இங்கேதான் பல தனியார் பி.எஸ்சி.க்கள் சறுக்குகின்றன.

ஒரு உதாரணம். சின்ன லேப்களில் ரத்தச் சர்க்கரையை செமி ஆட்டோ அனலைசரில் போடுவார்கள். வழக்கமான கிட்டில் சோதனைத் திரவமான ரீஏஜென்ட் 1,000 மைக்ரோலிட்டர், சீரம் அல்லது பிளாஸ்மா 10 மைக்ரோலிட்டர், 37 டிகிரியில் 10 நிமிடம், 505 நானோமீட்டரில் ரீடிங். இதில் பிப்பெட் நுனியின் வெளிப்புறத்தைத் துடைக்காமல் விட்டு ஒரு மைக்ரோலிட்டர் கூடுதலாகப் போனால் ரிசல்ட் சுமார் பத்து சதவீதம் ஏறும். வெறும் வயிற்றில் 120 மில்லிகிராம் உள்ளவருக்கு 132 என்று அச்சாகும். சர்க்கரை நோய் என்று சொல்வதற்கான எல்லை 126. கண்ணுக்குத் தெரியாத ஒரு துளியால் ஒருவர் நோயாளி ஆகிவிடுகிறார். திரும்ப எதிர்ப்பக்கமும் நடக்கும். ஃபுளோரைடு குழாயில் எடுக்காமல் சாதாரணக் குழாயில் எடுத்து, பிரிக்காமல் இரண்டு மணி நேரம் மேஜைமேல் விட்டால், ரத்த அணுக்கள் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் சர்க்கரையைத் தின்றுவிடும். உண்மையான நோயாளி தப்பித்துவிடுவார். இந்த இரண்டு வரியும் எந்தப் பாடப்புத்தகத்திலும் இருக்கும். நுனியைத் துடைக்கும் பழக்கம் மட்டும் புத்தகத்திலிருந்து வராது. பின்னால் நின்று முறைக்கும் சீனியர் டெக்னீஷியனிடமிருந்துதான் வரும்.

ரத்தம் எடுப்பதிலும் இதே கதைதான். குழாய்களுக்கு ஒரு வரிசை உண்டு. பிளட் கல்ச்சர் முதலில், பிறகு சிட்ரேட் உள்ள இளநீல மூடி, பிறகு சிவப்பு அல்லது மஞ்சள், ஹெப்பாரின் உள்ள பச்சை, இ.டி.டி.ஏ. உள்ள ஊதா, கடைசியாக சாம்பல். அவசரத்தில் ஊதாவை முதலில் எடுத்துவிட்டு, அல்லது ஊதாவில் அதிகமாக இருப்பதைச் சிவப்பில் கொஞ்சம் சாய்த்துவிட்டுப் போனால், பொட்டாசியம் உப்பான இ.டி.டி.ஏ. கலந்து பொட்டாசியம் எங்கேயோ ஏறும், கால்சியம் பாதாளத்துக்குப் போகும். பொட்டாசியம் 9, கால்சியம் 4 என்று ரிப்போர்ட் வந்து, அந்த நோயாளி எதிரே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தால், கோளாறு குழாயில். தினமும் ஐம்பது பேருக்கு ரத்தம் எடுத்த டிப்ளமோ மாணவருக்கு இது பார்த்தவுடன் உறைக்கும். இளநீலக் குழாயை அடையாளக் கோட்டுக்குக் கீழே நிரப்பினால் ரத்தத்துக்கும் சிட்ரேட்டுக்கும் உள்ள ஒன்பதுக்கு ஒன்று விகிதம் கெட்டு, ரத்தம் உறைய ஆகும் நேரத்தைச் சொல்லும் ஐ.என்.ஆர். கூடுதலாகக் காட்டும், ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் சாப்பிடுபவருக்கு டாக்டர் மருந்தைக் குறைத்துவிடுவார். சிரிஞ்சில் வேகமாக இழுத்து, ஊசி வழியாகவே குழாய்க்குள் பீய்ச்சினால் சிவப்பணுக்கள் உடையும்; அந்தச் சீரத்தில் பொட்டாசியமும் எல்.டி.எச். என்ற நொதியும் நம்ப முடியாதவை.

சாயமேற்றுவதில் ஊர்த் தண்ணீரும் விளையாடும். ரத்த அணுக்களைப் பிரித்துக் காட்டும் லீஷ்மன் சாயத்தை ஸ்லைடின்மேல் ஊற்றி இரண்டு நிமிடம் விட்டு, அமில கார அளவு மாறாத பஃபர் தண்ணீரை இரண்டு மடங்கு சேர்த்து ஏழு முதல் பத்து நிமிடம் வைக்க வேண்டும். பஃபரின் பி.எச். 6.8. அதற்குப் பதில் காரத்தன்மை உள்ள போர்வெல் தண்ணீரை ஊற்றினால் ஸ்லைடு முழுக்க நீலம் பூத்துவிடும். ஈசினோஃபில் என்ற வெள்ளையணுவின் ஆரஞ்சுத் துகள்களையே அடையாளம் காண முடியாது. பஃபர் மாத்திரையின் விலை ஒன்றும் பிரமாதமில்லை. இருந்தும் எத்தனையோ ‘மாடல் லேப்’களில் குழாய்த் தண்ணீர்தான்.

ஆகவே கல்லூரியைப் பார்க்கப் போகும்போது ஏ.சி. வகுப்பறையையும் புரொஜக்டரையும் காட்டினால் தலையாட்டிவிட்டு லேபுக்குள் போங்கள். கேட்க வேண்டியது இவை. இணைந்த மருத்துவமனையின் லேபுக்கு ஒரு நாளைக்கு எத்தனை சாம்பிள் வருகிறது? மாணவர்கள் வார்டில் ரத்தம் எடுக்கிறார்களா, எடுத்ததற்குக் கையெழுத்து வாங்கும் பதிவேடு இருக்கிறதா? ரத்த வங்கி உண்டா, அதற்கு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை லைசென்ஸ் உண்டா? இரவுப் பணி போடுவார்களா? கடைசிக் கேள்வியைக் கேட்டதும் சில பெற்றோர்கள் பதறுவார்கள். வேலைக்குப் போனபின் முதல் மாதமே நைட் டூட்டிதான் கிடைக்கும். அவசரமாக வரும் க்ராஸ் மேட்ச்சை, அதாவது ஏற்றப்போகும் ரத்தம் நோயாளிக்குப் பொருந்துகிறதா என்ற சோதனையை, தனியாகப் பார்க்க வேண்டிய நேரமும் அதுதான். அதைப் படிக்கும்போதே, பக்கத்தில் ஆள் இருக்கும்போதே பழகிக்கொள்வது நல்லது.

கேட்காமலே பார்க்க வேண்டியவையும் இருக்கின்றன. மைக்ரோஸ்கோப்பைத் திருப்பி 40எக்ஸ் லென்ஸைப் பாருங்கள். அதில் எண்ணெய் காய்ந்து ஒட்டியிருந்தால் அந்த லேபில் யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. எண்ணெய் 100எக்ஸுக்கு மட்டும்தான். ஃபிரிட்ஜைத் திறந்து ரீஏஜென்ட்டின் காலாவதித் தேதியைப் படியுங்கள். அனலைசர் பக்கத்தில் குவாலிட்டி கன்ட்ரோல் சார்ட் எங்கே என்று கேளுங்கள். லெவி ஜென்னிங்ஸ் சார்ட் என்பார்கள். சராசரிக் கோட்டுக்கு மேலும் கீழும் தினமும் ஒரு புள்ளி விழுந்திருக்கும். அந்தப் புள்ளிகள் கடந்த வாரம் வரை வந்திருந்தால் நல்ல லேப். எல்லாப் புள்ளியும் நடுக்கோட்டிலேயே சமர்த்தாக உட்கார்ந்திருந்தால் அது உட்கார்ந்து வரைந்தது. உண்மையான மெஷின் கொஞ்சம் ஆடும்; தொடர்ந்து பத்துப் புள்ளி ஒரே பக்கம் போனால் என்ன செய்வீர்கள் என்று அங்கே நிற்கும் மாணவரிடம் கேட்டுப் பாருங்கள். ‘மெஷினை நிறுத்தி கேலிப்ரேஷன் பார்ப்போம்’ என்று பதில் வந்தால் ஃபீஸைக் கட்டலாம். வெளியிலிருந்து சாம்பிள் வாங்கி ரிசல்ட்டைச் சரிபார்க்கும் திட்டத்தில் இருக்கிறார்களா என்பதும் கேட்கத் தக்கது. வேலூர் சி.எம்.சி. அப்படியொன்றை நடத்துகிறது, நாடு முழுக்க லேப்கள் அதில் சேர்ந்திருக்கின்றன.

அரசு டிப்ளமோவை நாங்கள் தூக்கிப் பிடிப்பதற்குக் காரணம் இதுதான். மாவட்டத் தலைமையிட மருத்துவக் கல்லூரியில் காலை எட்டு மணிக்கே ஓ.பி. வரிசை வாசலைத் தாண்டியிருக்கும். மலேரியா, டெங்கு, காசநோய்ச் சளி, ரத்தப் புற்றுநோயான லுகேமியா ஸ்மியர் எல்லாம் இரண்டு வருடத்தில் கண்ணில் பட்டுவிடும். குறையும் உண்டு. கூட்டம் அதிகம் என்பதால் உட்கார்ந்து விளக்க ஆளிருக்காது, சில இடங்களில் மாணவரை சம்பளமில்லாத டெக்னீஷியனாகவே ஓட்டுவார்கள், பி.சி.ஆர். போன்ற மூலக்கூறு வேலையில் பயிற்சி கிடைப்பது கல்லூரியைப் பொறுத்தது. நோட்ஸ் எழுதிப் படிக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு இது பெரிய குறையில்லை.

இனி சட்டம். 2021-இல் வந்த தேசிய இணை மற்றும் சுகாதாரத் தொழிற்பணியாளர் ஆணையச் சட்டம் இந்தத் துறையின் படிக்கட்டை மாற்றிவிட்டது. அதன்படி ‘இணை சுகாதாரப் பணியாளர்’ என்றால் டிப்ளமோ அல்லது பட்டம், குறைந்தது 2,000 மணி நேரம், இரண்டு முதல் நான்கு ஆண்டுகள். ‘சுகாதாரப் பணியாளர்’ என்றால் பட்டம், குறைந்தது 3,600 மணி நேரம், மூன்று முதல் ஆறு ஆண்டுகள். மருத்துவ லேப் துறை இந்தச் சட்டத்தின் அட்டவணையில் இருக்கிறது. இரண்டு வருட டிப்ளமோ முதல் படியில் நிற்கும். மாடி இன்ஸ்டிடியூட்டின் ஆறு மாதச் சான்றிதழுக்கு எந்தப் படியும் இல்லை. ‘அரசு அங்கீகாரம் பெற்றது’ என்று போர்டில் எழுதியிருந்தால், எந்த அரசு உத்தரவு, என்ன எண், எந்தப் பாடத்துக்கு என்று கேளுங்கள். பெரும்பாலும் ஒரு டிரஸ்ட் பதிவு எண்ணோ, ஐ.எஸ்.ஓ. சான்றிதழோதான் ஃபிரேமுக்குள் மாட்டித் தொங்கும். சங்கம் பதிவு செய்ததும், படிப்பு அங்கீகாரம் பெற்றதும் வேறு வேறு. டிரஸ்டை நாளைக்கு நாமும் பதிவு செய்யலாம்.

அஞ்சல் வழி ‘டி.எம்.எல்.டி.’ என்றால் பேச்சே வேண்டாம். இந்தச் சட்டத்தின்கீழ் வரும் படிப்புகளைத் தொலைதூர, ஆன்லைன் முறையில் நடத்தக் கூடாது என்று 2025-இல் பல்கலைக்கழக மானியக் குழுவும் அறிவித்துவிட்டது.

அரசு வேலைதான் குறி என்றால் கணக்கு கொஞ்சம் விசித்திரமாகப் போகும். தமிழ்நாட்டில் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம், அதாவது எம்.ஆர்.பி., 2012 முதல் ஆள் எடுக்கிறது. 2019-இல் 1,508 கிரேடு மூன்று லேப் டெக்னீஷியன் இடங்களுக்கு அறிவிப்பு வந்தபோது கேட்ட தகுதி, பிளஸ் டூவும் மருத்துவக் கல்வி இயக்குநர் அங்கீகரித்த நிறுவனத்தில் ஒரு வருட எம்.எல்.டி. சான்றிதழும். கூடவே நல்ல உடற்கட்டு, நல்ல கண்பார்வை, வெளியில் அலைந்து வேலை செய்யும் திறன் என்றும் ஒரு வரி. கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்ப் பார்த்தால் அந்த வரியின் அர்த்தம் புரியும். இத்தகைய பல பணிகளுக்கு எழுத்துத் தேர்வே இல்லாமல் பத்தாம் வகுப்புக்கு 20, பிளஸ் டூவுக்கு 30, தொழிற்படிப்புக்கு 50 சதவீதம் என்று மதிப்பெண்ணைக் கூட்டிப் பட்டியல் போட்டிருக்கிறார்கள். பத்தாம் வகுப்பு மார்க் இன்னும் துரத்துகிறது என்பதை மாணவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

‘பெரிய படிப்பு படித்தால் சின்ன படிப்பு கேட்கும் வேலைக்கும் போகலாமே’ என்பது இயல்பான நினைப்பு. அப்படித் தானாக ஆகாது. ஜம்மு காஷ்மீரில் ஐ.டி.ஐ. கேட்ட பணிக்கு டிப்ளமோ படித்தவர்கள் உரிமை கோரிய வழக்கில், உயர்ந்த தகுதிக்குள் தாழ்ந்த தகுதியும் அடக்கம் என்று பணி விதி சொன்னால் ஒழிய அப்படிக் கொள்ள முடியாது என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனவே அரசு வேலைக்காகவே பி.எஸ்சி. சேர்பவர்கள், எம்.ஆர்.பி.யின் பழைய அறிவிப்புகளை இறக்கி, கல்வித் தகுதிப் பகுதியை எழுத்துக்கு எழுத்து படியுங்கள். ‘டிப்ளமோ’ என்று இருக்கிறதா, ‘டிப்ளமோ அல்லது பட்டம்’ என்று இருக்கிறதா என்பதில் வாழ்க்கை நிற்கும்.

சொந்த லேப் வைக்கலாம் என்ற ஆசைக்கும் ஒரு வார்த்தை. லேப் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட வேண்டியவர் பேத்தாலஜியில் முதுநிலை படித்த, பதிவு பெற்ற மருத்துவர் என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பி.எஸ்சி. முடித்தால் தானே கையெழுத்துப் போட்டு நடத்தலாம் என்று எந்த அட்மிஷன் அலுவலராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். கடைக்கு முதல் போடலாம், ஆட்களை வைத்து நடத்தலாம், மருத்துவ நிலையங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் பதிவும் செய்ய வேண்டும். கையெழுத்துக்கு டாக்டர் வேண்டும். இதில் டிப்ளமோவும் பட்டமும் ஒன்றுதான்.

அப்படியானால் பட்டத்துக்கு என்ன மதிப்பு? நிறைய இருக்கிறது, ஆனால் அது தாமதமாகப் பலன் தரும் மதிப்பு. ஊர்ப்பக்கத் தனியார் லேபில் புதிதாகச் சேரும் இருவருக்கும் சம்பளத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது. முதலாளி பார்ப்பது ரத்தம் எடுக்கும் கையை. இருபத்திரண்டு வயதில் டிப்ளமோ படித்தவர் இரண்டு வருட அனுபவச் சான்றிதழும் கொஞ்சம் சேமிப்பும் வைத்திருப்பார், பட்டம் படித்தவர் அப்போதுதான் இன்டர்ன்ஷிப் முடித்திருப்பார். முப்பதை நெருங்கும்போது நிலைமை திரும்பும். லேப்களின் தரத்தைச் சோதிக்கும் தேசிய வாரியமான என்.ஏ.பி.எல்.லின் அங்கீகாரம் பெற்ற பெரிய லேபில் குவாலிட்டி மேனேஜர், அனலைசர் கம்பெனிகளில் மெஷினைப் பற்றிப் பயிற்சி தரும் அப்ளிகேஷன் வேலை, கல்லூரியில் பயிற்றுநர், எம்.எஸ்சி. மருத்துவ நுண்ணுயிரியல் அல்லது உயிர்வேதியியல், இவையெல்லாம் பட்டம் கேட்கும் கதவுகள். வளைகுடா நாடுகளிலும் டெக்னாலஜிஸ்ட் வேறு, டெக்னீஷியன் வேறு. பட்டம் இருந்தால் முதல் பெயர், சம்பளமும் அதற்கேற்ப. இன்னொரு உபயோகத்தை யாரும் சொல்வதில்லை. பி.எஸ்சி. எம்.எல்.டி. ஒரு பட்டம் என்பதால் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2, வங்கித் தேர்வு போன்ற ‘ஏதேனும் ஒரு பட்டம்’ கேட்கும் தேர்வுகளுக்கும் போகலாம். லேப் வாசனையே பிடிக்காமல் போனவர்களுக்கு அது வெளியேறும் வழி. டிப்ளமோவுக்கு அந்த வழி கிடையாது.

டிப்ளமோ முடித்துவிட்டுப் பிறகு பட்டத்தில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாமா என்று பலர் கேட்கிறார்கள். சில பல்கலைக்கழகங்கள் அப்படிச் சேர்த்துக்கொள்கின்றன. ஆனால் ‘லேட்டரல் என்ட்ரி உண்டு’ என்ற வாய்வார்த்தையை நம்பி டிப்ளமோ சேராதீர்கள். உங்கள் டிப்ளமோவைத் தந்த நிறுவனத்தின் பெயர் அந்தப் பல்கலைக்கழகத்தின் ஏற்புப் பட்டியலில் இருக்கிறதா என்பதுதான் விஷயம். அரசு டிப்ளமோவுக்கு இதில் தலைவலி குறைவு.

லேப் பிடிக்காதவர்களுக்குச் சுருக்கமாக. நர்சிங்கில் மூன்று வருட டிப்ளமோவான ஜி.என்.எம்., நான்கு வருட பி.எஸ்சி. இரண்டும் ஒரே நர்சிங் கவுன்சிலில் பதிவாகின்றன, ஜி.என்.எம். முடித்தவர் இரண்டு வருட போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படித்து மேலே ஏறலாம், பாதை தெளிவாக இருக்கிறது. ஃபார்மசியில் டி.ஃபார்ம். முடித்தவருக்கு பி.ஃபார்ம். இரண்டாம் ஆண்டில் இடம் உண்டு, டி.ஃபார்ம். இரண்டு வருடத்துக்குப் பிறகு 500 மணி நேர மருந்தகப் பயிற்சியை முடித்தால்தான் பதிவு என்பதை மறக்க வேண்டாம். எக்ஸ்ரேயில் எந்தப் படிப்பானாலும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் தகுதி விதிக்குள் வர வேண்டும். கதிர்வீச்சை அளக்கும் டி.எல்.டி. பேட்ஜை மாணவருக்கும் தருகிறார்களா என்று பார்த்துச் சேருங்கள், தராத இடத்தில் படிக்காதீர்கள். பிசியோதெரபிக்கு பட்டம்தான், குறுக்கு வழி எதுவும் இல்லை. ஜெனரல் டியூட்டி அசிஸ்டென்ட் போன்ற சில நூறு மணி நேரத் திறன் பயிற்சிகள் வார்டு உதவியாளர் வேலைக்கு நேர்மையான பயிற்சிதான். அதை முடித்தால் ‘நர்ஸ்’ ஆகலாம் என்று விற்பதுதான் மோசடி.

பணத்தைப் பொறுத்தவரை, அரசுக் கல்லூரியில் இரண்டு படிப்புக்குமே கட்டணம் சுமையில்லை. உண்மையான செலவு விடுதியும் சாப்பாடும். தனியாரில் வருடக் கட்டணத்தை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். தேர்வுக் கட்டணம், யூனிஃபார்ம், ரெக்கார்டு நோட்டு, வெளி ஆஸ்பத்திரிப் பயிற்சிக்கு ‘போஸ்டிங் ஃபீஸ்’ என்று தனித்தனியாக வரும். இன்டர்ன்ஷிப் வருடத்துக்கும் கட்டணம் உண்டா, ஸ்டைபண்ட் உண்டா என்று எழுத்தில் வாங்குங்கள். சில இடங்களில் முதலாவதற்கு ‘ஆமாம்’, இரண்டாவதற்கு ‘இல்லை’. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பிளஸ் டூ வரை படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண், ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். பட்டத்துக்கு மட்டுமில்லாமல் டிப்ளமோவுக்கும் உண்டு, ஆனால் கல்லூரி அங்கீகாரம் பெற்றதாக இருக்க வேண்டும். அந்தத் தொகை அங்கே வருமா என்று கேட்பது, கல்லூரியின் அங்கீகாரத்தைச் சோதிக்கும் சுலபமான வழியும்கூட.

விண்ணப்பிக்கும்போது ஒரு தொழில்நுட்பக் குழப்பம் வருடாவருடம் நடக்கிறது. பட்டத்துக்கும் டிப்ளமோவுக்கும் மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு தனித்தனியாக அறிவிப்பு விடும், தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும். பி.எஸ்சி.க்குப் போட்டுவிட்டு ‘கிடைக்காவிட்டால் டிப்ளமோவுக்கு அவர்களே மாற்றிவிடுவார்கள்’ என்று இருந்தால் இரண்டும் போய்விடும். மாநிலக் கவுன்சலிங்கில் பி.எஸ்சி. எம்.எல்.டி.க்குப் பிளஸ் டூ மதிப்பெண் கணக்கு. புதுச்சேரி ஜிப்மருக்கு நீட் மதிப்பெண் வேண்டும். விருப்பப் பட்டியல் போடும்போது எல்லா அரசுக் கல்லூரிகளின் பி.எஸ்சி. எம்.எல்.டி.யை முதலில் வையுங்கள், ஊர் தூரத்தைப் பார்க்காதீர்கள். அதற்கடுத்து நூற்றுக்கணக்கில் படுக்கை உள்ள, சொந்த மருத்துவமனை வைத்திருக்கும் தனியார் கல்லூரிகள். மற்ற தனியார் கல்லூரிகளைப் பட்டியலில் சேர்க்காமல் விட்டுவிட்டு டிப்ளமோ அறிவிப்புக்குக் காத்திருக்கலாம்.

வீட்டில் உடனே ஒரு சம்பளம் தேவை, அல்லது தங்கையும் அடுத்த வருடம் பிளஸ் டூ முடிக்கிறாள் என்றால் டிப்ளமோ. வெளிநாடு, எம்.எஸ்சி., ஆசிரியர் வேலை என்று மனதில் ஏதாவது இருந்தால் பட்டம், அதுவும் மேலே சொன்ன வரிசையில். ரத்தத்தைப் பார்த்தால் மயக்கம் வருபவர்கள் இரண்டுக்கும் பணம் கட்டும் முன் ஏதாவது லேப் கலெக்‌ஷன் கவுன்டரில் அனுமதி கேட்டு அரை நாள் நின்று பாருங்கள்.

சேர்ந்த நாளில் அசல் சான்றிதழ்களைக் கேட்டால் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தரச் சொல்லுங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின்கீழ் வரும் நிறுவனங்கள் அசலைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று 2018-லேயே அறிவிப்பு இருக்கிறது. நடுவில் வேறு சீட் கிடைத்து விலகும்போது கட்டணத்தைத் திருப்பித் தரும் விதியும் அதே அறிவிப்பில்தான். படிக்கும் காலம் முழுக்க மதிப்பெண் பட்டியல், பாடத்திட்டத்தின் நகல், வார்டு பதிவேடு, இன்டர்ன்ஷிப் சான்று எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து வையுங்கள். வளைகுடா வேலைக்கு, சான்றிதழ் உண்மைதானா என்று பார்க்கும் டேட்டாஃப்ளோ சரிபார்ப்பு போடும்போது கல்லூரிக்கே கடிதம் போகும். பதில் சொல்ல ஆள் இல்லாத கல்லூரியாக அது ஆகியிருந்தால், உங்கள் கையில் இருக்கும் காகிதங்களை வைத்துத்தான் பல்கலைக்கழகத்தின் கதவைத் தட்ட முடியும்.